விசாலத்தின் சாக்லெட் பருப்புத்தேங்காய்

வெள்ளிக்கிழமை பகல். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் டெலிபோன் இருப்பது கீழ்த்தளத்து டாக்டர் வீட்டில் மட்டும்தான். யாருக்குப் போன் வந்தாலும் டாக்டரின் மனைவி கீழே நின்றபடியே சத்தம் போட்டுக் கூப்பிடுவார். அன்று அவர் மாடிப்படி ஏறி வந்து என் வாசலில் நின்றார். "விசாலத்தோட ஆபீஸ்லேர்ந்து போன்..." என்று தொடங்கியவர், மேலே சொல்ல முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டார்.

அன்று காலையில்தான் விசாலம் அவர்கள் ரயிலுக்கு ஓடும் அவசரத்தில், "அக்கா, மொட்டைமாடில அத்திப்பழம் காயறது. காக்கா கொத்தாம ஒரு கண்ணு பாத்துக்கோங்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆபீஸில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நான் அவர் சொன்னபடி காலை முழுவதும் காக்கையை விரட்டிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்னமும் எனக்கு மனசு ஆறவில்லை. சாயங்காலம் மாடிக்குப் போய் அந்தப் பழத்தையெல்லாம் டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்தேன்.

எங்கள் மாதர் சங்கத்து மலருக்காக விசாலத்தைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கம் போதும் என்றார் செயலாளர் அம்மாள். ஒரு பக்கத்தில் அடங்குகிற மனுஷியா அவர்? நான் பேச ஆரம்பித்தால் ஓயமாட்டேன் என்பது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எழுத்திலும் அப்படித்தான் வருகிறது. விசாலத்தை அறிந்தவர்கள் ரசித்துப் படிப்பீர்கள். அறியாதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த அறுபதுகள் தொடங்கிய புதிதில் அவர் எங்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்தார். ஒற்றை அறையும் சமையலறையும் கொண்ட சின்ன வீடு. பாலக்காட்டுப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிவதற்குள் கணவரை இழந்தவர். செம்பூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்து, டைப்பும் சுருக்கெழுத்தும் படித்து, கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ வேலை வாங்கிக்கொண்டார். அண்ணன் வீட்டில் இடம் போதவில்லை என்று இங்கே தனியாக வந்தார். ஒற்றைநாடி உடம்பு, வெறும் நெற்றி, வேக நடை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே விசாலம் வந்தாயிற்று என்று தெரிந்துவிடும்.

அவருடைய ஆபீஸில் ஃபிலோமினா என்று ஒரு கோவாக்காரப் பெண் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் அவள் வீட்டில் செய்த சாக்லெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாளாம். உள்ளே திராட்சையும் பேரீச்சம்பழமும் இருந்தன. நம் வீடுகளில் சாக்லெட் என்றாலே அப்போதெல்லாம் ஒரு சந்தேகம் உண்டு. முட்டை போட்டிருப்பார்களோ, சாராயம் கலந்திருப்பார்களோ என்று தோன்றும். விசாலம் வெட்கப்படாமல் கேட்டுவிட்டார். "ஒண்ணுமே இல்லை. கோகோ, பால் பவுடர், சக்கரை, வெண்ணெய், அவ்வளவுதான்" என்று சிரித்த ஃபிலோமினா, செய்முறையையும் சொல்லிக் கொடுத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே விசாலம் ஒரு டப்பா கோகோவோடு அடுப்படியில் இறங்கிவிட்டார்.

பழம் வாங்குவதற்கென்று அவர் சந்தையில் உலர்பழம் விற்கும் மேவா கடைக்குப் போவார். திராட்சை, பேரீச்சை, அத்தி எல்லாம் தேடிப் பொறுக்குவார். ஜர்தாலு என்று பம்பாயில் விற்கிறார்களே, அந்த ஆரஞ்சு நிறப் பழத்தையும் வாங்குவார். அதன் கொட்டையை உடைத்தால் உள்ளே குட்டிப் பாதாம் மாதிரி ஒரு பருப்பு இருக்கும். அதைக்கூட விடமாட்டார். "கடைக்காரன் இதுக்கும் சேத்துத்தானே எடை போட்டிருக்கான்" என்பார்.

வெண்ணெய்தான் சுலபத்தில் கிடைக்காது. இப்படியிருக்கையில் ஒரு ஜனவரி காலையில், தலைக்குத் தேய்க்க எடுத்த தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்து கிடந்ததைப் பார்த்தார். உடனே பாட்டிலும் கையுமாக என் வீட்டுக்கு ஓடி வந்தார். "அக்கா, பாத்தேளா! இது வெண்ணெயைவிட நன்னா உறையறது!" பாலக்காட்டுக்காரிக்குத் தேங்காயெண்ணெயில் வராத யோசனை எதில் வரும்? அன்றே சமையல் தேங்காயெண்ணெயில் சாக்லெட் செய்தார். தட்டில் கொட்டி ஆறவைத்துத் துண்டு போட்டால், கத்தி பட்டதும் பளிச்சென்று உடைந்தது. கட்டடமே பாராட்டியது. அந்தப் பாராட்டில்தான் அவர் ஏமாந்து போனார்.

அந்த வருஷம் நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் கொலு வைப்போம். சாயங்காலம் பெண்கள் வருவார்கள், பாடுவார்கள், வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமம் சுண்டல் வாங்கிக்கொண்டு போவார்கள். கொலுவுக்கு வரும் சுமங்கலிகளுக்குக் கொடுப்பதெல்லாம் சுமங்கலி கையிலிருந்துதான் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். விசாலத்தை நான் கூப்பிட்டேன். "நீங்கள்லாம் நடத்துங்கோ அக்கா, நான் இங்கேர்ந்தே பாட்டு கேட்டுக்கறேன்" என்று தன் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். ஆனால் என் பெண் ஜெயாவின் கையில் ஒரு தட்டு நிறைய சாக்லெட் கொடுத்தனுப்பினார். ஜெயா அப்போது ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தாள்.

கொலுவறையில் என் நாத்தனார் பங்கஜம் உட்கார்ந்திருந்தார். செம்பூரிலிருந்து ஒவ்வொரு நவராத்திரிக்கும் வந்துவிடுவார். எது ஆகும், எது ஆகாது என்று எங்கள் குடும்பத்துக்கே தீர்ப்புச் சொல்கிறவர் அவர்தான். தட்டைப் பார்த்ததும் விசாரணை ஆரம்பமாயிற்று.

"இது என்னதாக்கும்?"

"சாக்லெட், அத்தை. எதிராத்து விசாலம் மாமி பண்ணினது."

"முட்டை உண்டோ?"

"இல்லை."

"அரிசி, உளுந்து, உப்பு?"

"ஒண்ணுமே கிடையாது. கோகோ, பால் பவுடர், சக்கரை, பழம்."

பங்கஜம் அக்கா தட்டைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். அறையே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "தாம்பூலத்துல சேர்ந்ததில்லை. நைவேத்தியமும் இல்லை. பக்ஷணம்னு சொல்லவும் முடியாது. சாக்லெட்டுக்கு எந்த சாஸ்திரமும் கிடையாது. கொண்டா ஒண்ணு" என்று கையை நீட்டினார்.

அக்டோபர் மாதத்துப் பம்பாய் வெயில் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கொலுவறையில் விளக்குகள் வேறு. ஜனவரியில் கல்லாக நின்ற தேங்காயெண்ணெய், அக்டோபரில் தன் குணத்தைக் காட்டிவிட்டது. அக்கா எடுத்த சாக்லெட் விரலிடுக்கில் வழிந்து முழங்கை வரை ஓடி, பட்டுப்புடவையில் சொட்டியது. திராட்சை மட்டும் கையில் மிஞ்சியது. அக்கா கையை மோந்து பார்த்தார். "ஏண்டி ஜெயா, இது வாய்க்கா, தலைக்கா?" என்றார். பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சத்தம் கேட்டு விசாலம் ஈரத்துணியோடு ஓடி வந்தார். அக்காவின் புடவைத் தலைப்பைத் துடைத்துவிட்டார். "அய்யோ மாமி, எண்ணெய் உருகும்னு தோணவே இல்லையே" என்று அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வாசற்படி தாண்டிக் கொலுவுக்கு முன்னால் வந்து நிற்கிறோம் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. சிரிப்பை அப்படியே நிறுத்திவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று தன் வீட்டுக்குப் போய்விட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது அவர் பதில் பேசியிருப்பார் என்று எனக்கு அப்போது தோன்றியது.

ஆனால் அவர் முடங்கி உட்காருகிறவர் இல்லை. உருகின சாக்லெட்டின் எண்ணெயை வடித்துவிட்டு, கடலையுருண்டைக்கு வைப்பதுபோல வெல்லப்பாகு வைத்தார். பாகை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் டங் என்று சத்தம் வரவேண்டும். அந்தப் பதத்தில் சாக்லெட்டையும் பழத்தையும் கொட்டிக் கிளறி, சூட்டோடு உருண்டை பிடித்துவிட்டார். பெண்கள் கலைந்து போவதற்குள் ஜெயா மறுபடி தட்டோடு வந்தாள். இந்தத் தடவை எதுவும் வழியவில்லை. பங்கஜம் அக்கா ஒன்றுக்கு மூன்றாகத் தின்றார். பழத்தின் ஈரம் பாகை இளக்கிவிடுகிறது என்று மறுநாளே கண்டுபிடித்து, அதுமுதல் பழத்தை வெயிலில் காயவைத்துத்தான் போடுவார். கிளறும்போது நான் ஏதாவது பேச்சுக் கொடுத்தால், "அப்பறம் சொல்லுங்கோ அக்கா, பாகு யாருக்காகவும் காத்துண்டிருக்காது" என்பார்.

தேங்காயெண்ணெய் சாக்லெட்டுக்கும் ஒரு கௌரவம் கிடைத்தது. அதே வருஷம்தான் சீனச் சண்டை வந்தது. நம் சங்கத்தில் எல்லோரும் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னினோம். விசாலம் ஸ்வெட்டர் பொட்டலங்களுக்குள் தேங்காயெண்ணெய் சாக்லெட்டை வைத்துக் கட்டினார். "பனிமலைல உருக வழியே இல்லை, கேட்டேளா" என்றார். அது போய்ச் சேர்ந்ததா, எந்த ஜவான் தின்றான் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. தின்றவன் நிச்சயமாக நம் ஊர்ப் பக்கத்தை நினைத்திருப்பான்.

அதற்குப் பிறகு எங்கள் கட்டடத்தில் எந்தக் கொலுவானாலும் சுண்டலோடு சாக்லெட் உருண்டையும் உண்டு. உருண்டை எல்லா வீட்டுக்குள்ளும் போகும். செய்தவர் எதிர்வீட்டு வாசலில் நிற்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், "அன்னிக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி" என்பார். மறுநாள் காலையில் போய்ப் பெண்ணை விசாரித்துப் பரிசு கொடுத்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கும் ஆபீஸ்தான். விடிந்ததும் கைப்பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமையில் எந்த ஆபீஸ் திறந்திருக்கிறது என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் ஜெயாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீடு செம்பூர். பங்கஜம் அக்கா பார்த்துக் கொடுத்த சம்பந்தம். புடவை, நகை எதற்கும் வாயைத் திறக்காத ஜெயா, ஒரே ஒரு ஆசையைச் சொன்னாள். "பருப்புத்தேங்காய் விசாலம் மாமி கையால வேணும். சாக்லெட்ல."

பருப்புத்தேங்காய் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டு மங்கள காரியங்களில் கூம்பு வடிவத் தகரக் கூட்டில் பாகும் முந்திரியுமோ கடலையுமோ அடைத்து, இறுகியதும் கூட்டை உருவிவிட்டு, ஜோடியாகத் தாம்பாளத்தில் நிறுத்துவோம். அது இல்லாமல் எந்தச் சுபகாரியமும் கிடையாது. கூட்டில் அடைப்பது சுமங்கலிகள் வேலை.

பங்கஜம் அக்கா காதைப் பொத்திக்கொண்டார். "கல்யாணத்துல வைக்கறதுடீ! விளையாட்டா?"

"அத்தை, சாக்லெட்டுக்கு எந்த சாஸ்திரமும் கிடையாதுன்னு கொலுவுல யார் சொன்னா?" என்றாள் ஜெயா.

அக்கா காதிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவர் இறங்கி வந்ததை நான் அன்றுதான் முதல்தடவையாகப் பார்த்தேன். ஆனால் முட்டுக்கட்டை வேறு இடத்திலிருந்து வந்தது. விசாலமே மறுத்துவிட்டார். ஜெயாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"வேண்டாம்டா கண்ணா. நாளைக்கு உனக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட ஜனங்க என் கையைத்தான் நினைச்சுப்பா. அதை என்னால தாங்க முடியாது. உனக்குத் தனியா உருண்டை பண்ணித் தரேன். ரயில்ல தின்னுண்டு போ."

ஜெயா அழுதாள். நானும் அழுதேன். கடைசியில் பங்கஜம் அக்காவே ஒரு வழி சொன்னார். "பாகு வைக்கறது, கிளறறது எல்லாம் விசாலம் பண்ணட்டும். கூட்டுல அடைக்கறதை நான் பண்றேன். அப்போ யாரும் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேச முடியாது." விசாலம் யோசித்துப் பார்த்துவிட்டு, "கிளறற வரைக்கும்னா சரி" என்று ஒப்புக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் பகல். என் சமையலறையில் ஸ்டவ் பற்றவைத்து வெண்கல உருளியை ஏற்றினோம். மே மாதப் புழுக்கத்தில் எங்கள் மூவருக்கும் வியர்வை ஊற்றியது. நெய் தடவிய கூடுகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அக்கா மணையில் உட்கார்ந்திருந்தார். பாகு தட்டில் டங் என்றது. விசாலம் கோகோவும் பால் பவுடரும் பழமும் பாதாமும் போட்டுக் கிளறி, உருளியை இறக்கி அக்கா முன்னால் வைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

அக்கா கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். அந்தச் சூடு பழகின கைக்குத்தான் தாங்கும். கரண்டி எங்கே என்றார், விசிறு என்றார், ஊதினார். கொதிக்கிற பாகோடு அப்படிக் கொஞ்சிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? இரண்டு கரண்டி கூட்டுக்குள் போவதற்குள் உருளியில் இருந்தது பாறையாக இறுகிவிட்டது. உலக்கையால் இடித்துத்தான் எடுத்தோம். வாங்கின பழத்தில் பாதி அதோடு போயிற்று.

மீதியை வைத்து மறுபடி ஆரம்பித்தோம். குறைகிற பழத்துக்கு முந்திரி சேர்த்தோம். இதுவும் போனால் மேவா கடைக்கு ஓட நேரமில்லை. மண்டபத்துக்குச் சாமான் போக வண்டி வந்து கீழே நின்றாயிற்று. மறுபடி பாகு தட்டில் டங் என்றது. விசாலம் உருளியை இறக்கி அக்கா முன்னால் வைத்துவிட்டு, முன்போலவே நகர்ந்துகொண்டார். பங்கஜம் அக்கா சிவந்துபோன தன் விரல்களைப் பார்த்தார். உருளியைப் பார்த்தார். விசாலத்தைப் பார்த்தார்.

"நீயே அடை, விசாலம்."

விசாலம் அசையவில்லை. "மாமி, நான் எப்படி..."

"பாகு நமக்காகக் காத்துண்டிருக்குமா? நின்னு யோசிச்சிண்டு! அடைடீ!"

விசாலம் உட்கார்ந்தார். கையை நெய்யில் தோய்த்தார். உருளிக்கும் கூட்டுக்குமாக அந்தக் கைகள் போய் வந்ததை என்னால் எண்ணிப் பார்க்கக்கூட முடியவில்லை. அள்ளினார், அடைத்தார், கட்டைவிரலால் அழுத்தினார், அடுத்த கூட்டை எடுத்தார். உருளி காலியானபோதுதான் நிமிர்ந்தார். முகமெல்லாம் வியர்வை. அதில் கண்ணீரும் இருந்திருக்கும். நான் உற்றுப் பார்க்கவில்லை. பங்கஜம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். பாகுக்கு இல்லை, விசாலத்துக்கு.

கூட்டை உருவியபோது இரண்டும் நெட்டுக்குத்தாக நின்றன. ஆனால் கன்னங்கரேலென்று இருந்தன. மங்கள காரியத்தில் கறுப்பா என்று எனக்குப் பகீரென்றது. விசாலம் அதையும் யோசித்து வைத்திருந்தார். பம்பாய் மிட்டாய்க் கடைகளில் பேடாவின் மேல் ஒட்டுவார்களே வெள்ளி வரக் என்ற மெல்லிய தகடு, அதை வாங்கி வந்திருந்தார். உச்சியிலிருந்து பாதி வரை ஒட்டினார். கீழ்ப்பாதி கறுப்பாகவே இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிகாலையில் விசாலம் வழக்கம்போலக் கைப்பையோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். மாலையும் கழுத்துமாக மண்டபத்துக்குக் கிளம்பிய ஜெயா நடையில் அவரை மறித்தாள். "மாமி, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. எந்த ஆபீஸ்?"

இத்தனை வருஷமாக யாரும் கேட்காததை அவள் கேட்டுவிட்டாள். விசாலம் பூட்டைத் திறந்து உள்ளே போனார். கருநீலப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். அப்படி ஒரு புடவை அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

மண்டபத்தில் அவர் தூணோரமாக, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தாம்பாளத்தைப் பார்த்த சம்பந்தி மாமி, "பருப்புத்தேங்காய் ஏன் கறுப்பா இருக்கு?" என்று கேட்டார். நான் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றேன். பங்கஜம் அக்கா சளைக்கவில்லை. "பூஜைல வைக்கற சாளக்கிராமம் மட்டும் வெளுப்பாவா இருக்கு?" என்றார். உடைந்து கிடந்த துண்டு ஒன்றை எடுத்து மாமி வாயிலேயே போட்டார். மாமி மென்றார். முகம் மாறியது. இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்.

"பிரமாதமா இருக்கே! யார் பண்ணினது?"

"எங்காத்து விசாலம்" என்றார் பங்கஜம் அக்கா.

சொன்னதோடு நிற்கவில்லை. கடைசி வரிசைக்குப் போய் விசாலத்தின் கையைப் பிடித்து எழுப்பி, ஊஞ்சல் போட்டிருந்த இடத்துக்கு அழைத்து வந்தார். திருஷ்டி கழிக்கச் சுமங்கலிகள் சுற்றுகிற பச்சைப்பிடியை அவரையும் சுற்றச் சொன்னார் என்றெல்லாம் நான் எழுதமாட்டேன். அந்த அளவுக்கு மாறிவிட்டதாக எழுதினால் அக்காவே என்னோடு சண்டைக்கு வருவார். ஆனால் முன்வரிசையில், தன் பக்கத்தில், உட்காரவைத்தார். ஜெயா ஊஞ்சலில் ஆடியபடி விசாலத்தைப் பார்த்துச் சிரித்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு விசாலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊஞ்சல் பாட்டை இவ்வளவு கிட்டத்துல கேட்டு எத்தனை வருஷமாச்சு, அக்கா" என்றார்.

இப்போது ஜெயா மாசமாக இருக்கிறாள். சீமந்தத்துக்கு நாள் பார்த்தபோது, பருப்புத்தேங்காய் யார் செய்வது என்ற பேச்சே எழவில்லை. விசாலம் தானாகவே மேவா கடைக்குப் போய்விட்டு வந்தார். "இந்தத் தடவை அத்திப்பழம் ஜாஸ்தி போடப்போறேன். பிள்ளைத்தாச்சிக்கு நல்லது" என்றார். அந்தப் பழம்தான் அந்த வெள்ளிக்கிழமை மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே கொண்டுவந்த உடலை விசாலத்தின் அண்ணன் வந்து செம்பூருக்குக் கொண்டுபோனார். வண்டி திருப்பத்தில் மறையும் வரை நாங்கள் பெண்களெல்லாம் வாசலில் நின்றோம். ஃபிலோமினா ஆபீஸிலிருந்து ஓடி வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். மாசமாக இருக்கிறவளை அனுப்ப முடியாது என்று ஜெயாவை அவள் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவள் அங்கே எப்படி அழுதாள் என்பதை என்னால் எழுத முடியாது.

காரியங்களெல்லாம் முடிந்த பிறகு, சீமந்த ஏற்பாட்டுக்காகப் பங்கஜம் அக்கா வந்தார். அலமாரியில் இருந்த டப்பாவைப் பார்த்து, "என்னடி லலிதா இது?" என்றார். சொன்னேன். இறந்தவர் வைத்துவிட்டுப் போன பொருள், சீமந்தத்துக்கு ஆகாது, யாருக்காவது கொடுத்துவிடு என்பார் என்றுதான் நினைத்தேன். அக்கா மூடியைத் திறந்தார். ஒரு அத்திப்பழத்தை எடுத்து விரலால் அழுத்தினார்.

"இன்னும் ஈரம் இருக்கு. ஒரு வெயில் வேணும்" என்றார்.

டப்பாவை எடுத்துக்கொண்டு, மூட்டுவலியோடு, படிக்குப் படி நின்று மொட்டைமாடிக்கு ஏறினார். நான் காப்பி கொண்டுபோனபோது, வேட்டியில் பரப்பிய பழத்துக்குப் பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். காக்கை வந்தால் குடையை மடக்கி விரட்டினார். "நான் பாத்துக்கறேன் அக்கா, நீங்கள் கீழே போங்கோ" என்றேன். "அவள் உன்கிட்ட சொன்னா. என்கிட்டேயும் சொல்லியிருப்பள்" என்றார். அதற்கப்புறம் முகத்தைக் குடைக்குள் திருப்பிக்கொண்டார்.

இன்று பகலில் பாகு வைத்தோம். அக்கா கூடுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கரண்டி கேட்கவில்லை. கையை நெய்யில் தோய்த்து நேராக உருளிக்குள் வைத்தார். விரல்களெல்லாம் கொப்பளித்துவிட்டன. கண்ணில் நீர் வழிய, கையை எடுக்காமல் அடைத்து முடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். கூட்டை உருவிப் பார்த்தால் ஒன்று நேராக நிற்கிறது. இன்னொன்று கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. "விசாலமா இருந்தா ரெண்டையும் நேரா நிறுத்தியிருப்பள்" என்றார் அக்கா. கையில் மருந்து போட்டுக்கொண்டு இப்போது உள்ளே படுத்திருக்கிறார்.

தாம்பாளம் என் எதிரில் இருக்கிறது. வரக் ஒட்டியாயிற்று. அதைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதி முடிக்கிறேன். இத்தனை நேரம் 'அவர்', 'அவர்கள்' என்று மரியாதையாக எழுதியாயிற்று. கடைசியில் ஒரு வார்த்தை, நம் வீட்டு நடையில் நின்று பேசுகிற மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

விசாலம், முன்வரிசையில பங்கஜம் அக்கா தன் பக்கத்துல ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஆபீஸ் கிடையாது. வந்துடு.